அப்பாவுக்கு எட்டு பேடு

மிடி கீபோர்டுக்குச் சொந்தமாகச் சத்தம் கிடையாது. இதை எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். அம்மாவுக்கு மட்டும் இன்றுவரை விளக்கி முடியவில்லை. "சத்தமே வராதுன்னா பெறகு எதுக்குடா அத வாங்குன?" என்பார். கட்டையை அழுத்தினால் எந்தக் கட்டை, எவ்வளவு பலமாக அழுத்தினோம் என்ற செய்தி மட்டும் லேப்டாப்புக்குப் போகும். சத்தம் போடுவது லேப்டாப். கீபோர்டின் மேல் மூலையில் ரப்பரில் எட்டுச் சதுரங்கள் இருக்கும், அவைதான் பேடு. டிரம்ஸ் வாசிப்பதற்காக வைத்தது. எந்தச் சதுரத்தில் எந்தச் சத்தம் என்பதை நாமே ஏற்றிக்கொள்ளலாம்.

நான் கச்சேரிகளில் கீபோர்டு வாசிக்கிறவன். கல்யாணம், காதுகுத்து, கோயில் பொங்கல் என்று யார் கூப்பிட்டாலும் போவேன். அந்த எட்டில் உருமியும் பம்பையும் கைத்தட்டலும் ஏற்றி வைத்திருந்தேன். ஒவ்வொன்றையும் பொறுக்கியெடுத்து, பதம் பார்த்து வைத்தவை. எல்லாவற்றையும் ஒரே நாளில் அழித்துவிட்டு அங்கே என் அப்பாவின் குரலை ஏற்ற வேண்டியதாயிற்று. அழிப்பது சுலபமாக இருந்தது. ஏற்றுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அப்பா பரவை மார்க்கெட்டில் காய்கறி ஏலம் கூறியவர். விடியும்போது தொடங்கினால் வெயில் ஏறும்வரை அவர் குரல்தான் அந்தக் கொட்டகையில் ஓங்கிக் கேட்கும். மைக் வைத்துத் தருகிறோம் என்று சொன்னவரை, "எனக்கெதுக்குடா மைக்கு, அதுக்கு வேணா நான் கத்துறேன்" என்று விரட்டியவர். "மூணு தரம்" என்று முடிக்கும்போது பக்கத்தில் இருக்கும் மூட்டையில் உள்ளங்கையால் ஓங்கி ஓர் அடி வைப்பார். வீட்டிலும் அதே கதைதான். உப்புக் கேட்டாலும் ஏலக் குரல், கூடவே சாப்பாட்டு மேசையில் ஓர் அடி.

அந்தத் தொண்டையில் கட்டி வந்தது. உயிரைக் காப்பாற்றிய டாக்டர்கள் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் வைத்துப் பேசுகிற ஒரு கருவி கொடுத்தார்கள். ஒரே ஒரு தடவை வைத்துப் பார்த்தார். வண்டு பறப்பது போல ஒரு சத்தத்தில் "சாப்பாடு" என்று வந்தது. கருவியைத் தூக்கி அலமாரி மேல் போட்டவர் அதன்பிறகு அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உதடுகளை மட்டும் அசைத்துப் பேசுவார். என் தங்கைக்கு அது அப்படியே புரியும். எனக்குப் பத்துக்கு ஒன்று புரிந்தால் பெரிய விஷயம். புரியாமல் நான் முழிக்க, அவருக்குக் கோபம் வர, அதைப் பார்த்து எனக்கும் கோபம் வர, வீட்டில் சத்தமே இல்லாமல் சண்டை நடந்தது.

இந்த நிலையில்தான் தங்கைக்கு வரன் அமைந்தது. நல்ல பையன், நல்ல குடும்பம். கோச்சடையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மண்டபத்திலேயே நிச்சயம் என்று பேசி முடித்தார்கள். எங்கள் பக்கத்தில் நிச்சயத்தன்று பையன் வீட்டுப் பெரியவர் எழுந்து, "பொண்ணு குடுக்கச் சம்மதமா?" என்று சபையில் மூன்று தடவை கேட்பார். பெண்ணின் அப்பா மூன்று தடவையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதன்பிறகுதான் தட்டு மாற்றுவது. தலையாட்டினால் போதாது, சபைக்குக் கேட்க வேண்டும். அப்பாவால் முடியாவிட்டால் தாய்மாமன் சொல்லலாம்.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, தங்கமான மனிதர். மெல்லப் பேசுவார். அப்பாவின் சத்தத்துக்கு நடுவே அவர் எந்த விசேஷத்திலும் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடித்து நான் பார்த்ததில்லை. அவர் வீட்டுக்கு வந்து, "நீங்க மனச அலட்டிக்காதீங்க மச்சான். சபையில நான் சொல்லிக்கிறேன். நீங்க சும்மா உக்காந்திருங்க" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அப்பா மேசையில் அடித்த அடியில் காபி டம்ளர் கவிழ்ந்தது. உதடு அசைந்தது. தங்கை மாமாவைப் பார்க்காமல், "என் மகளுக்கு நான்தான் சொல்லுவேன்னு சொல்றாரு" என்றாள்.

அதைச் சொல்லிவிட்டு அப்பா என்னைப் பார்த்தார். எனக்கு ஏன் அந்த யோசனை வந்தது என்று இன்றும் என்னையே நொந்துகொள்கிறேன். "ஒரு வழி இருக்குப்பா" என்றேன்.

வழி இதுதான். அப்பா டைப் அடிக்கிறவர் இல்லை. வாட்ஸ்அப்பில் மைக்கை அழுத்திப் பேசித்தான் அனுப்புவார். என் போனில் அப்படி எத்தனையோ கிடந்தன. அவற்றிலிருந்து வேண்டிய வார்த்தைகளை வெட்டி எடுத்துப் பேடில் ஏற்றிவிட்டால், அழுத்தும்போதெல்லாம் அவருடைய குரலே பேசும். சபையில் சம்மதம் சொல்ல ஒன்று, மற்ற ஏழும் வீட்டுத் தேவைக்கு. தண்ணி, மாத்திரை, அம்மாவைக் கூப்பிட ஒன்று. கேட்டதும் அப்பா என் தோளில் தட்டினார். அவர் என் தோளில் தட்டியது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் செய்தி: "போன எடுடா." அடுத்தது: "எங்கடா தொலைஞ்ச?" அதற்கடுத்தது: "ஆஸ்பத்திரி பில்லு கட்டுனியா இல்ல அங்கேயும் ராகம் இழுத்துட்டு இருக்கியா?" கேட்கக் கேட்க எல்லாமே வசவு. பின்னணியில் மார்க்கெட் இரைச்சல், லாரி ஹாரன், யாரோ தக்காளி விலை கேட்கிறார்கள். அவை அனைத்துக்கும் மேலே அப்பா என்னைத் திட்டுகிறார். அனுப்பியபோது கேட்டதைவிட வரிசையாக உட்கார்ந்து கேட்கையில் இன்னும் மோசமாக இருந்தது. "தண்ணி" என்ற வார்த்தை எங்கே கிடைத்தது தெரியுமா? "தண்ணி லாரிக்குச் சொன்னியா இல்லையா, முண்டம்" என்பதில். 'சம்மதம்' தேடினேன். கிடைக்கவில்லை. என் விஷயத்தில் எதற்காவது அவர் சம்மதித்திருந்தால்தானே கிடைக்கும்!

கடைசியில் ஒரு "சரி" கிடைத்தது. "சரி சரி, நீ ஒண்ணும் கிழிக்க வேணாம்" என்பதன் முதல் சரி. சம்மதம் என்பதற்குப் பதிலாகச் சரி என்று சொன்னாலும் ஏற்றுக்கொள்வார்களா என்று பையன் வீட்டாரிடம் மாமா மூலம் கேட்டோம். தாராளமாக என்றார்கள். அந்தச் சரியை வெட்டி எடுத்து, லாரியைக் குறைத்து, தக்காளியை அழித்து, பேடில் ஏற்றி, கீபோர்டை அப்பாவின் முன்னால் வைத்தேன். அவர் பேடைப் பார்த்தார். மூட்டையில் அடிப்பது போல ஓங்கி ஓர் அடி வைத்தார்.

"ச" என்று மட்டும் வந்தது.

பேடில் கை இருக்கும்வரைதான் சத்தம் வரும், கையை எடுத்தால் நின்றுவிடும் என்று அமைத்திருந்தேன். அவர் அடித்த வேகத்தில் கையை எடுத்துவிடுகிறார். "அழுத்திப் பிடிங்கப்பா" என்றேன். அடித்தார். "ச." மறுபடியும் அடித்தார். "ச." பிடிக்கச் சொல்வதைவிட அமைப்பை மாற்றுவது மேல் என்று, ஒரு தடவை தொட்டால் முழுதும் ஒலிக்கிற மாதிரி மாற்றினேன். இப்போது சரி முழுதாக வந்தது. அப்பா தலையை ஆட்டி மறுத்தார். மறுபடி கேட்டார். மறுபடியும் இல்லை என்றார். எனக்குப் பொறுமை போய்விட்டது. "இது உங்க குரல்தானப்பா, நானா பேசினேன்?" என்றேன். அவர் கையை நீட்டி, வெட்டிப் பார்ப்பதற்காக நான் வசவுகளை ஏற்றி வைத்திருந்த பேடுகளில் ஒன்றை அடித்தார். "எங்கடா தொலைஞ்ச?" என்றது லேப்டாப். தங்கை வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள்.

அதிலிருந்து அவருக்கு அந்த ஒரு பேடின் மேல் தனிப் பிரியம். தண்ணி வேண்டுமென்றால் தண்ணிப் பேடை அடிக்கலாம். அடிக்க மாட்டார். "எங்கடா தொலைஞ்ச?" என்று அடிப்பார். நான் ஓடிவந்தால் கையால் தண்ணி என்று ஜாடை காட்டுவார். இதற்கா நான் வாரக்கணக்கில் மெனக்கெட்டேன் என்று அம்மாவிடம் புலம்பினேன். "வீட்ல அந்தச் சத்தம் கேக்குதுல்ல, விடுடா" என்றார் அம்மா. அவருக்கு என்ன, வசவு அவருக்கு இல்லையே.

அதே கீபோர்டைத்தான் கச்சேரிக்கும் கொண்டுபோனேன். டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஓர் ஊரில் கோயில் பொங்கல். உருமியைத் திரும்ப ஏற்றினேன். ஆனால் முன்பு பேடில் ஏற்றியபோது அதே சத்தங்கள் கீழ்ப்பக்கக் கட்டைகளிலும் ஏறியிருந்ததை மறந்துவிட்டேன். பேடில் அப்பாவை அழித்தேனே தவிர கட்டையில் அழிக்கவில்லை. அம்மன் பாட்டு உச்சத்துக்குப் போகிறது, பெண்கள் குலவை போடுகிறார்கள், நான் கீழே இறங்கி ஒரு கட்டையைத் தொடுகிறேன், ஊர் முழுக்கக் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் அத்தனையிலும் "போன எடுடா!" என்று அப்பா. பாடகி அப்படியே நின்றுவிட்டார். கூட்டத்தில் நாலைந்து பேர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார்கள். விழாக் கமிட்டிக்காரர் மேடையேறி வந்து, "அண்ணே, யாருண்ணே அது?" என்று கேட்டார். "எங்கப்பா" என்றேன். மேற்கொண்டு அவர் எதுவும் கேட்கவில்லை. அடுத்த வருடத்துக்கு எங்களைக் கூப்பிடப்போவதும் இல்லை.

சரிக்கு மட்டும் இன்னும் வழி பிறக்கவில்லை. குரலைத் தணித்தேன், சுருதியை இறக்கினேன், கோபத்தைத் தேய்த்துத் தேய்த்து எடுத்தேன். தேய்த்தால் கோபத்தோடு அப்பாவும் போய்விடுகிறார், வேறு யாரோ பேசுவது போல இருக்கிறது. தேய்க்காமல் விட்டால் திட்டுகிறார். ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்க் காட்டுவேன், ஒவ்வொன்றுக்கும் வேண்டாம் என்று தலையாட்டுவார். என்னதான் வேண்டும் என்று கத்தியபோது தங்கை தன் போனை நீட்டினாள். "இதுல பாருண்ணே" என்றாள்.

அவள் காரைக்குடியில் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் அப்பா அவளுக்கு அனுப்பியவை. நான் அவற்றைக் கேட்டதே இல்லை. "சாப்ட்டியா தாயி?" "மழை பெய்யுதாம்ல, நனையாம போ." "வர்ற வெள்ளிக்கெழம வாரேன், என்ன வாங்கியாரணும்?" மார்க்கெட் இரைச்சல் அதிலும் இருந்தது. ஆனால் அவர் கத்தவில்லை. கொட்டகையை விட்டு எங்கோ ஒதுங்கிப்போய், போனை வாயருகில் வைத்துக்கொண்டு பேசியிருக்கிறார். இந்த மனிதருக்கு மெதுவாகப் பேசத் தெரிந்திருக்கிறது! இத்தனை வருடம் என்னிடம் மட்டும் அதைக் காட்டாமல் வைத்திருந்திருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டேன். முப்பது வயதைத் தாண்டியவனுக்குத் தங்கை மேல் பொறாமை வரலாமா என்று கேட்டால், வந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். அவளுக்கு வந்த செய்திகளில் ஒரு சரி இருந்தது. ஏதோ புத்தகம் வேண்டும் என்று அவள் கேட்டதற்கு அவர் சொன்னது. தணிவாக, கொஞ்சம் சிரிப்போடு. அதை வெட்டி எடுத்தேன். ஆனால் என் சரியையும் அழிக்க மனம் வரவில்லை. பேடுக்கு ஒரு வசதி உண்டு. ஒரே பேடில் இரண்டு சத்தங்களை அடுக்கி வைக்கலாம். மெதுவாக அழுத்தினால் ஒன்று வரும், ஓங்கி அடித்தால் மற்றொன்று. தங்கையின் சரியை மெதுவான அழுத்தத்துக்கும், என் சரியை ஓங்கிய அடிக்கும் வைத்தேன்.

அப்பா முதலில் ஓங்கித்தான் அடித்தார். திட்டுகிற சரி வந்தது. நான் அவர் விரலைப் பிடித்து மெல்ல அழுத்த வைத்தேன். மற்றது வந்தது. அவர் கையை எடுக்கவில்லை. இன்னொரு தடவை மெல்ல அழுத்தினார். அப்புறம் என்னைப் போகச் சொல்லிச் சைகை காட்டினார். கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே சரி, சரி என்று நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தது. முதல் நாள் இடையிடையே திட்டுகிற சரியும் வந்தது. போகப் போக அது வருவது நின்றது. மூட்டையில் அடித்தே பழகிய கை பழக்கத்தை மாற்றிக்கொண்டது. நிச்சயத்துக்கு முந்தின நாள் மூன்று தடவையும் பிசகாமல் சொல்லிக் காட்டினார். மாமாவைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டுதான் காட்டினார்.

நிச்சயத்தன்று காலையிலேயே மண்டபத்துக்குப் போய், அப்பாவின் நாற்காலிக்கு முன்னால் ஒரு சின்ன மேசை போட்டுக் கீபோர்டை வைத்தேன். பக்கத்திலேயே என் ஸ்பீக்கர். எல்லாம் கச்சிதம். அந்த நேரம் பார்த்து மண்டபத்து ரேடியோ செட்காரர் தன்னுடைய பெரிய பெட்டியைக் கொண்டுவந்து எங்கள் மேசைக்குப் பின்னால் இறக்கினார். "அங்குட்டுத் தள்ளி வைங்கண்ணே" என்றேன். "அங்குட்டு ஒயர் எட்டாது தம்பி" என்றார். பாட்டைப் போட்டார். தரை அதிர்ந்தது, மேசை அதிர்ந்தது, மேசையோடு பேடும் அதிர்ந்தது. யாரும் தொடாமலே பேடுகள் பேச ஆரம்பித்தன. பையனின் அத்தை பூத்தட்டோடு உள்ளே நுழைகிறார், "எங்கடா தொலைஞ்ச?" என்று அப்பா குரல். அடுத்து வந்த பெரியவருக்கு "முண்டம்." எனக்கு உயிரே போய்விட்டது.

பேடு எவ்வளவு பலமான அடியை அடியாகக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதற்கு லேப்டாப்பில் ஓர் அளவு உண்டு. அதை ஏற்றினேன். பேச்சு நிற்கவில்லை. இன்னும் ஏற்றினேன். நின்றது. சோதிப்பதற்கு நானே சரிப் பேடில் ஒரு தட்டுத் தட்டினேன். பாட்டுச் சத்தத்துக்கு நடுவே சரி என்று கேட்டது. எந்தச் சரி என்று நான் கவனிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் அனைவரும் வந்துவிட்டார்கள்.

பாட்டை நிறுத்தினார்கள். சபை கூடியது. அப்பா வெள்ளை வேட்டி சட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தங்கை பட்டுப்புடவையில் அவருக்கு எதிரே. பையனின் பெரியப்பா எழுந்து, "சபையோர் முன்னால கேக்குறோம். உங்க பொண்ண எங்க பையனுக்குக் குடுக்கச் சம்மதமா?" என்றார்.

அப்பா விரலைப் பேடில் வைத்து மெல்ல அழுத்தினார். சத்தம் வரவில்லை.

ஒயர் கழன்றுவிட்டதா என்று எட்டிப் பார்த்தேன். ஒயர் சரியாக இருந்தது. அப்போதுதான் உறைத்தது. காலையில் நான் ஏற்றி வைத்த அளவை இறக்கவில்லை. மெல்லிய அழுத்தம் எதுவும் இனிப் பேடுக்குத் தெரியாது. லேப்டாப்போ ஸ்பீக்கரோடு சேர்ந்து அப்பாவின் பக்கத்தில் இருந்தது, நான் நின்றது மண்டபத்தின் மறுபக்கம். நடுவில் சபை முழுக்க உட்கார்ந்திருக்கிறது. அப்பாவைப் பார்த்து முஷ்டியை மடக்கி ஓங்கிக் காட்டினேன். அடிங்க, ஓங்கி அடிங்க. அவர் பார்த்தார்.

"சம்மதமா?" என்று இரண்டாம் தடவை கேட்டார் பெரியவர். அப்பா மறுபடி மெல்ல அழுத்தினார். ஒன்றுமில்லை. பெண்கள் பக்கம் முணுமுணுப்புக் கிளம்பியது. "ஓங்கி அடிங்கப்பா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். முன்வரிசையில் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா என்னைப் பார்த்து மாட்டேன் என்று தலையசைத்தார். வாழ்நாள் முழுக்க எதைக் கண்டாலும் ஓங்கி அடித்த மனிதர். இன்றைக்கு என்ன வீம்பு இது!

மூன்றாம் தடவையும் கேட்டார்கள். அப்பாவின் விரல் பேடின் மேல் மெல்லவே அழுந்தியது. யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. மாமா எழுந்தார். அப்பாவைப் பார்த்தார். அப்பா குனிந்துகொண்டார். "மச்சான் சார்பா நான் சொல்லுறேன்" என்றார் மாமா. "சம்மதம். சம்மதம். சம்மதம்." யாரும் குறுக்கிடாமல் அவர் பேசி முடித்தார். குலவைச் சத்தம் எழுந்தது, தட்டு மாற்றினார்கள்.

பந்தி முடிந்து மண்டபம் காலியாகத் தொடங்கியபோது ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அப்பா அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தங்கை வந்து அவர் பக்கத்தில் நின்றாள். என்னால் அடக்க முடியவில்லை. "ஒரே ஒரு அடி. ஓங்கி ஒரே ஒரு அடி அடிச்சிருந்தா வந்திருக்கும்ல? தெனம் அடிக்கிற அடிதான? இம்புட்டு நாளு நான் பட்ட பாடு என்னத்துக்கு?" என்று மண்டபம் அதிரக் கத்தினேன். அச்சு அசல் அவர் குரல் எனக்கு.

அப்பாவின் உதடுகள் அசைந்தன. எனக்குப் புரியவில்லை. மறுபடி அசைந்தன. "என்னவாம்?" என்று தங்கையிடம் கேட்டேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஓங்கி அடிச்சா உன்னையத் திட்டுற சரிதான வரும்கிறாரு. அந்தச் சரியச் சொல்லி என்னைய அனுப்ப அவருக்கு மனசு வரலையாம்ணே."